இரும்பை ஏற்றிச் செல்லும் இரண்டு சீட் வேன்!

சைக்கிள் கடை வாசலில் மழையில் நனைந்து கிடக்கும் பழைய ஆணியைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் விரலில் செம்பழுப்பு நிறத்தில் துரு ஒட்டிக்கொள்ளும். அதே இரும்பு உங்கள் உடம்புக்குள்ளும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும்! வளர்ந்த ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் ஒரு சின்ன ஆணி செய்து விடலாம்.

இப்போது ஒரு கேள்வி. தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆக்சிஜனும் இருக்கிறது. அப்படியானால் ரத்தத்தில் போகும் இரும்பு ஏன் துருப்பிடித்து அடியில் தங்கி விடுவதில்லை?

ஏனென்றால், நம் ரத்தத்தில் இரும்பைத் தனியாக அலைய விடுவதே இல்லை! அதைக் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் டிரான்ஸ்ஃபெரின். 'டிரான்ஸ்' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு. 'ஃபெர்ரம்' என்றால் லத்தீன் மொழியில் இரும்பு. இரும்பை இடம் மாற்றுவதால் இந்தப் பெயர்.

இரும்பு எதற்கு வேண்டும்?

நாம் மூச்சு விடும்போது உள்ளே போகும் ஆக்சிஜனை உடம்பு முழுக்கச் சுமந்து செல்பவை சிவப்பணுக்கள். ஒவ்வொரு சிவப்பணுவிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் 4 இரும்பு அணுக்கள். ஆக்சிஜன் வந்து உட்காருவது இந்த இரும்பின் மேல்தான்.

27 கோடியை நான்கால் பெருக்கிப் பாருங்கள். ஒரே ஒரு சிவப்பணுவுக்கு 100 கோடிக்கும் அதிகமான இரும்பு அணுக்கள் தேவை! நம் எலும்பு மஜ்ஜை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களைத் தயாரிக்கிறது. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கும் மேல் புதிய சிவப்பணுக்கள் பிறந்திருக்கும். அத்தனைக்கும் இரும்பு போய்ச் சேர வேண்டும்.

நல்லவன்தான், ஆனால் சேட்டைக்காரன்!

இரும்பு இவ்வளவு நல்லது என்றால் ரத்தத்தில் அப்படியே கலந்து ஓட விடலாமே, எதற்கு ஒரு துணை? காரணம் இருக்கிறது. துணை இல்லாத இரும்பு மூன்று தொல்லைகளைத் தரும்.

ஒன்று, நாம் முன்பே பார்த்தது. அது துரு போல மாறிப் படிந்து விடும். படிந்த இரும்பை உடம்பு பயன்படுத்த முடியாது.

இரண்டு, தனியாகத் திரியும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சேட்டை செய்யும். மிகவும் கோபக்கார மூலக்கூறுகளை உருவாக்கும். அவை செல்லின் சுவரையும், உள்ளே இருக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ.வையும் தாக்கிச் சேதப்படுத்தும்.

மூன்று, நம்மைப் போலவே நோய்க் கிருமிகளுக்கும் வளர்வதற்கு இரும்பு வேண்டும். ரத்தத்தில் இரும்பு இறைந்து கிடந்தால், உள்ளே நுழையும் பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்துதான்!

சின்னப் பிள்ளையைப் பரபரப்பான சாலையில் தனியே அனுப்புவோமா? மாட்டோம். அது சேட்டை செய்து எதையாவது உடைக்கலாம். யாராவது தூக்கிக்கொண்டும் போகலாம். அதனால்தானே பள்ளிக்கூட வேனில் ஏற்றி, வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கி விடுகிறார்கள்? டிரான்ஸ்ஃபெரினும் அப்படி ஒரு வேன்தான்.

இரண்டே சீட்!

இந்த வேன்களைத் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை நம் கல்லீரல். 679 அமினோ அமிலங்களை மாலை போலக் கோத்து, அதை மடித்துச் சுருட்டி ஒரு டிரான்ஸ்ஃபெரினைச் செய்கிறது. மடித்து முடித்ததும் அது இரண்டு உருண்டைகள் ஒட்டியது போல இருக்கும். ஒவ்வோர் உருண்டையின் நடுவிலும் ஒரு பள்ளம். ஒரு பள்ளத்தில் ஓர் இரும்பு அணு. ஆக மொத்தம் இரண்டே சீட்!

இரும்பு வந்து உட்கார்ந்ததும் பள்ளத்தின் இரு பக்கமும் கதவு போல மூடிக்கொள்ளும். கூடவே கார்பனேட் என்ற சின்னப் பொருளும் வந்து சேர வேண்டும். அது சீட் பெல்ட் மாதிரி. அது இல்லாவிட்டால் இரும்பு சீட்டில் நிற்காது. இரும்பு ஏறிய டிரான்ஸ்ஃபெரின் அழகான வெளிர் ஆரஞ்சு கலந்த ரோஸ் நிறத்தில் இருக்கும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் மொத்த சீட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் இரும்பு இருக்கும். மற்ற சீட்டுகள் எல்லாம் காலி! இது வீண் அல்ல. திடீரென்று கூடுதலாக இரும்பு வந்தால் உடனே ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா? அதற்குத்தான்.

முட்டைக்குள் கிடைத்த துப்பு

இந்த வேனைக் கண்டுபிடித்த கதை ரத்தத்தில் தொடங்கவில்லை. முட்டையில் தொடங்கியது!

கோழி 21 நாள் அடைகாக்கிறது. உள்ளே சத்தான மஞ்சள் கரு இருக்கிறது, இதமான சூடும் இருக்கிறது. கிருமிகள் வளர இதை விட நல்ல இடம் ஏது? ஆனாலும் நல்ல முட்டை அழுகுவதில்லையே, ஏன்?

அமெரிக்காவில் ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பச்சை முட்டையின் வெள்ளைக் கருவை ஆராய்ந்தார்கள். சீதபேதியை உண்டாக்கும் பாக்டீரியா அதில் வளரவில்லை. வெள்ளைக் கருவில் எதையோ பூட்டி வைத்திருப்பதால் பாக்டீரியா பட்டினி கிடக்கிறதோ என்று யோசித்தார்கள். ஒவ்வொரு சத்தாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எதற்கும் பாக்டீரியா அசையவில்லை. இரும்பைச் சேர்த்ததும் மளமளவென்று வளர ஆரம்பித்து விட்டது!

வெள்ளைக் கருவில் உள்ள ஒரு புரதம் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்பது புரிந்தது. இதை 1944-ம் ஆண்டு வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1946-ல், மனித ரத்தத்திலும் அதே வேலையைச் செய்யும் புரதம் இருப்பதைக் காட்டினார்கள். 1947-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஹோல்ம்பெர்க், லாரெல் இருவரும் அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயர் சூட்டினார்கள்.

அதனால் பச்சை முட்டையைக் குடிக்கலாம் என்று நினைத்து விடாதீர்கள்! ஓட்டின் மேல் கிருமிகள் இருக்கலாம். முட்டையை எப்போதும் வேக வைத்தே சாப்பிட வேண்டும்.

கதவைத் தட்டினால்...

இரும்போடு வரும் வேன் சிவப்பணுவை உருவாக்கும் செல்லின் வாசலுக்கு வருகிறது. அங்கே ஒரு காவல்காரர் நிற்கிறார். அவரும் ஒரு புரதம்தான். வேனில் இரும்பு இருந்தால் இறுகப் பிடித்துக்கொள்வார். காலி வேன் என்றால் கண்டுகொள்ள மாட்டார்.

பிடித்த வேனை என்ன செய்கிறார்? செல்லின் சுவர் அந்த இடத்தில் உள்பக்கமாகக் குழிந்து, வேனையும் காவல்காரரையும் சேர்த்து ஒரு குட்டிப் பை போல மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அவ்வளவுதான், சீட் பெல்ட் கழன்று இரும்பு இறங்கி விடுகிறது!

காலி வேன் என்ன ஆனது? இங்கேதான் இயற்கையின் சாமர்த்தியம். பைக்குள் அமிலம் இருக்கும் வரை காலி வேனைக் காவல்காரர் விடாமல் பிடித்திருப்பார். அதனால் வேன் உள்ளே தொலைந்து போவதில்லை. பை மறுபடி செல்லின் வெளிச்சுவருக்கு வந்து திறந்ததும், வெளியே அமிலம் இல்லை. உடனே அவர் கையை விட்டு விடுவார். வேன் அடுத்த சவாரிக்குக் கிளம்பி விடும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து விடுகிறது.

அமிலம் செய்யும் இந்த மாயத்தை அமெரிக்காவில் ஆலிஸ் டோத்ரி-வர்சா, ஆரன் சிகனோவர், ஹார்வி லோடிஷ் ஆகியோர் 1983-ல் விளக்கினார்கள். இவர்களில் சிகனோவர் பின்னர் வேறொரு கண்டுபிடிப்புக்காக 2004-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு நேரத்தில் எல்லா வேன்களிலும் சேர்த்து இருக்கும் இரும்பு சுமார் 3 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு நாளில் அவை கொண்டு சேர்ப்பது 20 மில்லிகிராமுக்கும் மேல்! அப்படியென்றால் மொத்தச் சுமையும் ஒரு நாளில் ஏழெட்டு முறை இறங்கி ஏறுகிறது என்று அர்த்தம்.

பழைய இரும்புக் கடை

20 மில்லிகிராம் இரும்பு தினமும் எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டில் இருந்தா? இல்லை. நாம் சாப்பிடுவதில் இருந்து குடல் உறிஞ்சிக்கொள்வது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே.

மீதி எல்லாம் பழைய இரும்பு! முன்பெல்லாம் தெருவில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நம் உடம்புக்குள்ளும் அந்த வியாபாரம் நடக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் துப்புரவு செல்கள் விழுங்கி, இரும்பை மட்டும் பிரித்தெடுத்து வாசலுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே நம் வேன் தயாராக நிற்கும். ஏற்றிக்கொண்டு நேராக எலும்பு மஜ்ஜைக்குப் புறப்பட வேண்டியதுதான். மிச்சமான இரும்பு ஃபெரிட்டின் என்ற கிடங்கில் சேமிக்கப்படும்.

திருடன் - போலீஸ்

காய்ச்சல் வரும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். "கிருமி வந்திருக்கிறது, கதவுகளை மூடு!" என்பதுதான் அதன் கட்டளை. குடலில் இருந்தும் துப்புரவு செல்களில் இருந்தும் இரும்பு வெளியே வருவது குறைந்து விடும். கிருமிக்குப் பட்டினி!

ஆனால் கிருமிகளும் சும்மா இருக்குமா? மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியா, நம் டிரான்ஸ்ஃபெரினையே வழிமறித்து அதிலிருக்கும் இரும்பைக் கொள்ளையடிக்கும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பார்பர், நெல்ஸ் எல்டி இருவரும் மனிதன், குரங்கு இனங்களின் டிரான்ஸ்ஃபெரின்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொள்ளைக்கார பாக்டீரியா எந்த இடத்தில் பிடிக்கிறதோ, சரியாக அந்த இடமே கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறி மாறி வந்திருக்கிறது! 2014-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. திருடன் சாவி செய்யச் செய்ய, வீட்டுக்காரர் பூட்டை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வேனே இல்லாவிட்டால்?

1961-ல் ஜெர்மனி மருத்துவர்கள் ஏழு வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது. அதாவது சிவப்பணுக்களில் இரும்பு போதவில்லை. ஆனால் கல்லீரல் போன்ற உறுப்புகளிலோ இரும்பு குவிந்து கிடந்தது! இது என்ன புதிர்?

பிறவியிலேயே அந்தக் குழந்தையின் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் இல்லை. சாப்பிட்ட இரும்பு உள்ளே வந்தது. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேன் இல்லை. போகக் கூடாத இடங்களில் எல்லாம் இறங்கி விட்டது. ஊரில் மலை போல அரிசி இருந்தும், கொண்டுவர வண்டி இல்லாமல் அடுப்பு எரியாத வீடு மாதிரி!

உலகிலேயே மிக அரிதான நோய் இது. மற்றவர்கள் தானமாகத் தரும் ரத்தத்தின் பிளாஸ்மாவில் டிரான்ஸ்ஃபெரின் இருப்பதால், அதைச் செலுத்தி இந்த நோய்க்குச் சிகிச்சை தர முடியும்.

வேன் வருகிறது, ஏற ஆளில்லை!

நமக்கு வேனுக்குப் பஞ்சம் இல்லை. நம் நாட்டில் பலருக்கு இருக்கும் பிரச்சினை வேறு. வேன் வருகிறது, ஏற்றத்தான் இரும்பு இல்லை!

இரும்பு குறைந்தால் கல்லீரல் இன்னும் அதிகமாக டிரான்ஸ்ஃபெரினைத் தயாரிக்கும். கிடைக்கிற கொஞ்சத்தையாவது விடாமல் பிடிக்கலாம் என்ற தவிப்புதான். காலி வேன்கள் பெருகும். ரத்தப் பரிசோதனையில் எத்தனை சீட் காலி என்று பார்த்தே டாக்டர்கள் இரும்புக் குறைபாட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 100-க்கு 31 பேருக்கு. அதற்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமான ஒன்று இரும்புக் குறைபாடு.

எப்போதும் சோர்வு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது, வகுப்பில் கவனம் நிற்காமல் தூக்கம் வருவது, கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருப்பது... இவை எல்லாம் அடையாளங்கள். சிலருக்கு சாக்பீஸ், சிலேட்டுக்குச்சி, மண் இவற்றைத் தின்னும் ஆசை வரும். உங்கள் தோழி அப்படித் தின்றால் கேலி செய்யாதீர்கள். "சோம்பேறி" என்று யாரையாவது சொல்வதற்கு முன்பும் யோசியுங்கள். அவர்கள் உடம்பில் காலி வேன்கள் ஓடிக்கொண்டிருக்கலாம்! ஆசிரியரிடமோ அம்மாவிடமோ சொல்லி, டாக்டரைப் பார்க்கச் செய்யுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்!

நாலைந்து இரும்பு ஆணிகளை அரை டம்ளர் எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் பால் சேர்க்காத தேநீரை வடிகட்டி ஆற வைத்து, அதில் அந்தச் சாற்றைக் கொஞ்சம் ஊற்றுங்கள். தேநீர் கறுத்து மை போல ஆவதைப் பார்க்கலாம். (பெரியவர்கள் அருகில் இருக்கட்டும். இதைக் குடிக்கக் கூடாது!)

தேநீரில் உள்ள 'டானின்' என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு இது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை தயாரித்ததும் இதே முறையில்தான். சாப்பாட்டோடு டீ குடித்தால் வயிற்றிலும் இதுதான் நடக்கும். டானின் பிடித்த இரும்பு குடலுக்குள் நுழையாது, வேனிலும் ஏறாது. அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம்.

கீரை, கேழ்வரகு, பயறு, எள், ஈரல், மீன் இவற்றில் இரும்பு இருக்கிறது. கீரையோடும் பயறோடும் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்ந்தால் அவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் உறிஞ்ச உதவும். இன்னொன்று, கொக்கிப்புழு மண்ணில் இருந்து வெறும் பாதத்தின் வழியே உள்ளே நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். ரத்தத்தோடு இரும்பும் போச்சு! வெளியே போகும்போது செருப்பு அவசியம்.

மாத்திரை மிட்டாய் அல்ல!

பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள் அல்லவா? சின்ன வகுப்புக்கு ரோஸ் நிறம், பெரிய வகுப்புக்கு நீல நிறம். சிலர் பையில் போட்டுக்கொண்டு போய் விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சாப்பிட்ட பிறகு ஆசிரியர் முன்னிலையில் விழுங்கி விடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம். உறிஞ்சாத இரும்பின் நிறம்தான் அது.

வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. கலர் மாத்திரையைக் குட்டித் தம்பியோ தங்கையோ மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கி விட்டால் என்ன ஆகும்? இப்போது உங்களுக்கே தெரியும். எல்லா வேன்களும் நிரம்பி விடும். சீட் கிடைக்காத இரும்பு ரத்தத்தில் தனியாகத் திரிந்து செல்களைத் தாக்கும். அது உயிருக்கே ஆபத்து. அம்மாவும் அக்காவும் சாப்பிடும் இரும்பு மாத்திரைகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது விழுங்கி விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

குறைந்தால் சோர்வு, அளவு மீறினால் ஆபத்து. அளவாகக் கொடுப்பது நம் வேலை. கொடுத்ததைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது டிரான்ஸ்ஃபெரினின் வேலை. நீங்கள் தூங்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த முறை தட்டில் முருங்கைக்கீரைப் பொரியல் விழுந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். ரத்தத்தில் காலி சீட்டோடு ஒரு குட்டி வேன் காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்!